பாவாயி தோட்டத்து அழுகுரல்

சென்னியப்பனின் குருவுக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். பெயர் மரகதவல்லி. நிலத்தடி நீரைப் பற்றிப் படித்தவர். கோவையில் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் ஆண்டுதோறும் பாசன வகுப்பு எடுப்பார். எல்லோருக்கும் அவர் டீச்சர்.

சென்னியப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். கேட்டதை அப்படியே தோட்டத்தில் செய்வார்.

வாய்க்காலை விட்டுச் சொட்டுநீருக்கு மாறினார். மண்ணில் ஈரம் பார்க்கும் கருவியை நட்டார். ஈரம் குறைந்தால் மோட்டார் தானே ஓடும், போதுமென்றால் தானே நிற்கும். செல்போனிலிருந்தும் ஓட்டலாம். அவர் மோட்டார் அறைப் பக்கம் போவதே இல்லை. மிச்சமான தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் வாழை வைத்தார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம்.

இந்த முறை வகுப்பு முடிந்து கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். அவர் கேட்க வந்தது வேறு.

பக்கத்துத் தோட்டம் பாவாயியுடையது. கணவர் இல்லை. மோட்டாருக்கு எட்டாத ஆழத்துக்குத் தண்ணீர் இறங்கியதும் பாவாயி வெள்ளாமையை விட்டுவிட்டு ஆடு வளர்த்தார். பிறகு அவருடைய வறண்ட போர்வெல்லில் அழுகுரல் கேட்க ஆரம்பித்தது. பட்டப்பகலில், ஆள் விம்முவது போல.

அந்தப் போர்வெல்லைப் போட்டது பாவாயியின் கணவர். அவர்தான் தாகத்தில் அழுகிறார் என்று பாவாயி தினமும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றினார். அழுகை நிற்கவில்லை. ஆடுகளை விற்றார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தாராபுரத்தில் தம்பியிடம் போய்விட்டார்.

அந்தத் தோட்டத்தை இப்போது சென்னியப்பன் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஆனால் வேலைக்கு வந்தவர்கள் வேலியைத் தாண்ட மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல அவரால் முடியவில்லை. அவரும் ஒருமுறை அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர்தான்.

“குழாய் வாயை அடைச்சுட்டாச் சரியாப் போயிருமுங்களா, டீச்சர்?”

மரகதவல்லி யோசித்தார். கண்காட்சி முடிந்த மறுநாள் தானே வருவதாகச் சொன்னார்.

சொன்னபடி காலையில் வந்தார். இருவரும் வேலியைக் கடந்தார்கள். ஆட்டுப்பட்டி காலியாகக் கிடந்தது. போர்வெல் சத்தமில்லாமல் இருந்தது.

மரகதவல்லி அவருடைய தோள் துண்டைக் கேட்டு வாங்கிக் குழாய் வாயில் விரித்தார். பிறகு மோட்டாரை ஓட்டச் சொன்னார்.

“எங்க மோட்டாருங்களா?”

“ஆமாங்க. இங்க நின்னுக்கிட்டே ஓட்டுங்க.”

சென்னியப்பன் செல்போனில் அழுத்தினார். வேலிக்கு அப்பால் மோட்டார் இரைந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துண்டின் நடுப்பகுதி மெல்லக் குழிந்தது. உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுப்பது போல அது இறங்கிக்கொண்டே போனது. ஓரம் விலகிய இடத்தில் அந்தக் குரல் எழுந்தது. முதலில் முனகல். பிறகு நீண்ட விம்மல்.

சென்னியப்பன் பின்வாங்கினார்.

“யாருங்க உள்ள?”

“யாருமில்லீங்க. அடியில இருக்கற தண்ணி உங்க பக்கம் போகுது. அது விட்ட எடத்துக்குக் காத்து எறங்குது. பாறைக்குள்ள வேலி இல்லீங்களே.”

சென்னியப்பன் தன் வாழைத் தோட்டத்தைப் பார்த்தார். இலைகள் அகலமாக, கரும்பச்சையாக நின்றன.

“பாவாயக்கா சொம்புல ஊத்துன தண்ணி?”

“அதுவும் அங்கதாங்க வந்திருக்கும்.”

சென்னியப்பன் மோட்டாரை நிறுத்தினார். விம்மல் தேய்ந்து நின்றது. வெயில் ஏறியது.

துண்டு அசைந்தது. குழிந்திருந்தது மெல்ல மேலெழுந்து உப்பியது. குளிர்ந்த காற்று ஒன்று ஈர மண் வாசத்தோடு வந்து அவர் முகத்தில் பட்டது. இந்த முறை அவர் விலகவில்லை.

“நான் நிறுத்திட்டா, இதுல தண்ணி ஏறுமுங்களா டீச்சர்?”

மரகதவல்லி துண்டை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“மொதல்ல அது மூச்சு விடட்டுங்க.”