வயிற்றைக் காட்டாத அழுங்கு

இலுப்பைக் காட்டில் ஒரு பள்ளிக்கூடம். வாத்தியார் ஒரு நாரை. பாடம் எழுதிய ஓலைகளை ஒரு பெரிய மரத்தின் வேர்ப்பொந்தில் அடுக்கி வைத்திருந்தார்.

அங்கே ஓர் அழுங்கு படித்தது. உடம்பெல்லாம் செதில், எறும்பும் கறையானும்தான் அதற்குச் சாப்பாடு. அழுங்குகள் பகலில் தூங்குகிறவை. இது மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடி வரும். படிப்பின் மேல் ஆசை! அதைவிடப் பெரிய ஆசை, கீரியின் பக்கத்தில் உட்காருவது. அந்தக் காட்டில் அதற்கு இருந்த ஒரே சிநேகிதன் கீரிதான்.

ஒரு நாள் நாலு ஓலைகளைக் காணவில்லை. மறுநாள் இன்னும் ஏழு! நாரை வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம். அவ்வளவு நீள மூக்குக்கு மேல் என்றால் எவ்வளவு கோபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

"திருட்டுப் பசங்களா! இன்றிலிருந்து புதுச் சட்டம்! தினமும் காலையில் சோதனை. ஓலையை மடியில் ஒளித்திருக்கிறானா என்று பார்க்க, எல்லாரும் வயிற்றைக் காட்டணும். காட்டாதவனுக்கு இங்கே இடமில்லை. வெளியே போனவனோடு யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

சோதனை போடும் வேலை குரங்குக்குக் கிடைத்தது. பேன் பார்த்துப் பழகிய விரல் அல்லவா! இரண்டு கன்னத்திலும் எதையோ அடக்கிக்கொண்டு அது மற்றவர்களைத் தடவிப் பார்த்தது. அதன் கன்னத்தைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அழுங்கின் முறை வந்தது. குரங்கின் விரல் முதுகில் பட்டதுதான் தாமதம், அழுங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது! வேண்டுமென்றா செய்தது? பிறவிக் குணம். தூசி விழுந்தால் கண் மூடிக்கொள்ளாதா?

"பார்த்தீங்களா ஐயா!" என்று குதித்தது குரங்கு. "நேற்றுகூடப் பொந்துப் பக்கம் மோப்பம் பிடிச்சான்!"

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்!" என்றார் வாத்தியார். "உருட்டித் தள்ளு வெளியே!"

'கீரி, நீ சொல்லேன்! பயந்தால் நான் இப்படித்தான் என்று உனக்குத் தெரியுமே!' என்று உள்ளுக்குள் தவித்தது அழுங்கு. கீரி தன் வாலையே பார்த்துக்கொண்டு நின்றது.

அழுங்கு மெல்ல விரிந்தபோது அது வேலிக்கு வெளியே கிடந்தது. "ஐயா! பொந்தில் கறையான் வாசம் அடிக்குது! அதைத்தான் மோந்து பார்த்தேன்!" என்று கத்தியது. வெளியே போனவனோடு பேசக்கூடாதே! வாத்தியார் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அழுங்கு ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டது. வாத்தியார் கேள்வி கேட்டால் இதுவும் தனக்குத் தானே பதில் சொல்லும். உட்காரும்போது பக்கத்தில் கீரிக்கு இடம் விட்டே உட்காரும். யாரும் வரவில்லை.

ஒரு நாள் கீரி அந்த வழியாகப் போனது.

"கீரி, இன்னிக்கு என்ன பாடம்?"

கீரி நின்றது, வாயைத் திறந்தது. கிளையில் குரங்கைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

அழுங்கு சுருண்டுகொண்டு அழுதது. சுருண்டுகொண்டால் புலியின் பல்கூட உள்ளே இறங்காது. ஆனால் அந்தத் தனிமை உள்ளேதான் இருந்தது, பாவம்!

சில நாள் கழித்து வாத்தியார் ஓலை எடுக்கப் பொந்துக்குள் அலகை விட்டார். வந்தது ஈர மண்! ஓலை முழுக்கக் கறையான்! புதுச் சட்டம் எழுதிய ஓலையைக்கூட அது விட்டு வைக்கவில்லை.

"ஐயய்யோ! பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஆக்கிவிட்டேனே!" என்று வாத்தியார் புதருக்கு ஓடினார். "வாப்பா, உள்ளே வா. தப்பு என்னுடையது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அழுங்கு வந்தது. நீள நாக்கை விட்டுப் பொந்தைத் துடைத்தெடுத்தது. மிஞ்சியது மூன்றே ஓலைகள். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள்!

கீரி மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. "மன்னிச்சுக்கடா" என்று முதுகில் கை வைத்தது. அவ்வளவுதான்! அழுங்கு மறுபடியும் பந்தாகிவிட்டது.

வாத்தியார் அதட்ட வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

கீரி கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது. பாடம் தொடங்கியது. சாப்பாட்டு வேளை வந்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். கீரி அசையவில்லை. பொழுது சாயும் நேரத்தில் செதில்களுக்கு நடுவே ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"இன்னும் இருக்கியா?"

"இங்கேதான் இருக்கேன்."

பயந்து ஒடுங்குகிறவனைத் திருடன் என்று துரத்தும் முன், ஏன் ஒடுங்கினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.