கடைமடைக்கு வந்த கறுப்பு நெய்

வாய்க்காலின் கடைமடையில், கோரைப்புல் மறைவில், வெள்ளச்சி என்ற கானாங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை முகம், வெள்ளை மார்பு. இதுதான் அவளுக்கு முதல் அடை. அதனால் எதற்கெடுத்தாலும் பயம். இலை விழுந்தால் பயம். இலை விழாவிட்டால், ‘ஏன் இன்னும் விழவில்லை?’ என்று அதற்கும் பயம்.

ஒரு நாள் காலையில் குப்பென்று ஒரு நாற்றம் வந்தது. அழுகின முட்டை நாற்றம்!

வெள்ளச்சிக்கு உயிரே நின்றுவிட்டது. துள்ளி எழுந்தாள். ஒவ்வொரு முட்டையாக மோந்து பார்த்தாள். புரட்டிப் போட்டு மறுபடியும் மோந்தாள்.

“என்ன தங்கச்சி, முட்டையைப் போட்டு இந்த உருட்டு உருட்டுறே?” பக்கத்து வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது.

“எல்லாம் கூமுட்டையாப் போச்சு, நண்டண்ணே!” என்று அழுதாள் வெள்ளச்சி.

“அட, அழுவாதே! உன் முட்டைக்கு ஒண்ணுமில்லே. மூக்கைத் தண்ணிப் பக்கம் திருப்பு!”

திருப்பினாள். வாய்க்கால் தண்ணீர் புளுக் புளுக்கென்று குமிழி விட்டது. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் அதே நாற்றம். குமிழிக்குப் பின்னாலேயே கறுப்பாக ஒரு பிசுக்கு மிதந்து வந்தது. ஒரு தும்பி தண்ணீரைத் தொட்டது. தொட்டதுதான், சிறகை எடுக்க முடியவில்லை. நண்டுதான் கொடுக்கை நீட்டி அதை வெளியே இழுத்துப் போட்டது.

வெள்ளச்சி தும்பியைப் பார்த்தாள். முட்டைகளைப் பார்த்தாள். கானாங்கோழிக் குஞ்சுகள் பொரித்த மறுநாளே தண்ணீரில் இறங்கிவிடும். பஞ்சு மாதிரி உடம்பு. இந்தப் பிசுக்கில் இறங்கினால்? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

“இது மேலேருந்து வருது. நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்” என்றாள்.

“நீயா?” என்றது நண்டு.

“எனக்கும் அதே சந்தேகம்தான் அண்ணே. அதான் யோசிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பிடுறேன்!”

வீட்டுக்காரக் கானாங்கோழி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. “போயிட்டு வா. ஆனா சீக்கிரம் வந்துடு. தனியா இருந்தா எனக்கும் பயம்!”

வெள்ளச்சி புதர் புதராக ஓடினாள். ஒவ்வொரு புதரிலும் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எல்லைக் கல்லைத் தாண்டித் தலைமடைக்கு வந்தவள் அப்படியே வாயைப் பிளந்தாள்.

அங்கே திருவிழாதான்! மேடெல்லாம் கடலைக் குவியல். முயல்கள் வயிறு உப்பிப் படுத்திருந்தன. மயில்கள் கடலை தின்ற மயக்கத்தில் ஆடின. வாய்க்கால் ஓரத்தில் காட்டுப்பன்றிகள் குழி மேல் குழியாகத் தோண்டிக்கொண்டிருந்தன. குழிக்குள் கறுப்பாக ஏதோ ஊறியது. வரிசையில் நின்ற பன்றிகள் ஒவ்வொன்றாக அதில் புரண்டு, பளபளவென்று வெளியே வந்தன.

“வாம்மா கடைமடை!” தலைமடை நாட்டாமையான பெருச்சாளி, கடலை ஒன்றைக் கொறித்துக்கொண்டே கூப்பிட்டது. “பார்த்தியா நம்ம ஊரு வளர்ச்சியை! இது பூமிக்குள்ளே இருக்கிற கறுப்பு நெய். உடம்புல பூசினா உண்ணி கிட்டவே வராதாம். எங்கெங்கேயோ இருந்து பன்றிங்க வருது. குழி தோண்ட விட்டதுக்கு எங்களுக்குக் கூலி கடலை!”

“நல்லா இருங்க பெரியவரே” என்றாள் வெள்ளச்சி. “ஆனா குழியிலேருந்து வழியுற பிசுக்கு எல்லாம் எங்ககிட்டே வருது. என் முட்டை பொரிக்கப் போகுது.”

“வளர்ச்சி வந்தா வாடையும் கொஞ்சம் வரத்தான் செய்யும்!”

“கடலை எங்களுக்கு வரலியே?”

பெருச்சாளி மீசையைத் தடவியது. “எப்படி வரும்? வாய்க்கால் சட்டம் தெரியாதா உனக்கு? யார் எல்லையில் வந்ததோ அது அவங்களுக்கே! குழி எங்க எல்லையில். கடலையும் எங்களுக்கே!”

“அப்போ பிசுக்கும் உங்க எல்லையில்தானே வந்தது?”

“அது தானா ஓடுதும்மா! ஓடுறதை நான் என்ன, மடியிலயா கட்டி வைக்க முடியும்?”

முயல்கள் கெக்கெக்கே என்று சிரித்தன. பன்றிக் கூட்டத்தின் தலைவன் செம்பட்டையன் குழியிலிருந்து தலையை நீட்டினான். “யார் அது, குறுக்கே நின்னு குருகுருன்னுது? இங்கே முட்டை வெச்சா நாறத்தான் செய்யும். வேற ஊர்ல போய் வையி!”

வெள்ளச்சி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். எல்லைக் கல் வரைக்கும் ஒரே ஓட்டம். அங்கே மூச்சு வாங்க நின்றவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன கோடையில் இதே இடத்தில்தான் தலைமடைக்காரர்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே வரப்பு போட்டார்கள். ‘எங்க எல்லைத் தண்ணி எங்களுக்கே’ என்று ஒரு சொட்டுக்கூடக் கீழே விடவில்லை.

ஓடுகிற தண்ணீரை அன்றைக்குக் கட்டிவைக்க முடிந்ததே!

பயத்தில் படபடத்த நெஞ்சு இப்போது சிரிப்பில் படபடத்தது.

“நண்டண்ணே! நண்டண்ணே! மண்ணு வேணும்! நிறைய மண்ணு!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் நண்டுக்குப் புரிந்துவிட்டது. ஊரைக் கூட்டிவிட்டது. நண்டுகள் களிமண் உருட்டின. வயலெலிகள் பல்லால் வேர் வெட்டிக் கொண்டுவந்தன. தவளைகள் மண்ணின்மேல் குதித்துக் குதித்து மிதித்தன.

“ஏய், மெதுவா மிதி! என் ஓடு உள்ளே இருக்கு!” என்று கத்தியது ஒரு நத்தை.

“ஓட்டோட சேர்ந்தா வரப்பு இன்னும் கெட்டி!” என்றது ஒரு தவளை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நத்தையை வெளியே எடுத்துவிட்டுத்தான் வேலை தொடர்ந்தது.

எல்லைக் கல்லில் வரப்பு எழுந்து நின்றது. கீழே தேங்கியிருந்த பிசுக்கை வைக்கோலால் ஒற்றி ஒற்றி எடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். மழைக்காலம். வானம் கொட்டிய தண்ணீரே கடைமடைக்குப் போதும்.

மழை தலைமடையிலும்தான் கொட்டியது. போக வழி இல்லாத பிசுக்குத் தண்ணீர் மேலே மேலே ஏறியது. குவியல் குவியலாக இருந்த கடலை நனைந்து நாறியது. முயல் வளைக்குள் பிசுக்கு புகுந்தது. மயில் தோகையை விரிக்கப் பார்த்தது. தோகை துடைப்பம் மாதிரி ஒட்டிக்கொண்டு விரிய மறுத்தது.

“நாட்டாமை! உம்ம வளர்ச்சி என் வாலைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது!” என்று மயில் அலறியது.

தலைமடையே திரண்டு வரப்புக்கு வந்தது. முன்னால் பெருச்சாளி. அதற்குப் பின்னால் செம்பட்டையனும் அவன் கூட்டமும்.

“வரப்பை வெட்டுங்க!” என்று கத்தியது பெருச்சாளி.

வெள்ளச்சி வரப்பின்மேல் நின்றாள். கால் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“வாய்க்கால் சட்டம், பெரியவரே! யார் எல்லையில் வந்ததோ அது அவங்களுக்கே. அடுத்தவங்க சொத்து எங்களுக்கு எதுக்கு?”

பெருச்சாளி செம்பட்டையன் பக்கம் திரும்பியது. பின்னால் நின்ற முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“சட்டமாவது, கிட்டமாவது! இந்த மண்ணுக்கு என் ஒரு முட்டு போதும்!” செம்பட்டையன் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான்.

வெள்ளச்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. வரப்பு உடைந்தால் பிசுக்கு அத்தனையும் நேரே தன் முட்டைகள்மேல்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

சர்ர்ர்ர்!

முட்டுச் சத்தம் வரவில்லையே என்று ஒரு கண்ணைத் திறந்தாள். எண்ணெய் பூசிய கால் எண்ணெய்ச் சேற்றில் நிற்குமா? செம்பட்டையன் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, எல்லைக் கல் ஓரத்தில் அவனே தோண்டிய குழியில் பின்பக்கமாகப் போய்ச் செருகிக்கொண்டான். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

“தூக்குங்கடா!”

பன்றிகள் ஓடின. ஒன்று காதைக் கவ்வியது. வழுக்கியது! இன்னொன்று முதுகை முட்டியது. வழுக்கி அதுவும் உள்ளே விழுந்தது! பளபளக்கிற உடம்பை யாரால் பிடிக்க முடியும்? பிசுக்கோ செம்பட்டையனின் தாடை வரை ஏறிவிட்டது.

“யாராவது காப்பாத்துங்க!” என்று அலறினான்.

வெள்ளச்சிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக் காரியத்தை விட்டுவிடுகிற நேரம் இல்லை அது.

“நண்டுப் பிடி வழுக்காது, ஐயா. அனுப்புறேன். ஆனா எல்லாக் குழியையும் மூடணும். இனிமே இந்த வாய்க்கால்ல எது தோண்டினாலும் கடைமடையையும் கேட்டுத்தான் தோண்டணும்!”

“மூடுறேன்! கேக்குறேன்! சீக்கிரம்!”

“நீங்க, பெரியவரே?”

பெருச்சாளி பதில் சொல்வதற்குள் முயல்களும் மயில்களும் ஒரே குரலில் கத்தின. “மூடு! மூடு! மூடு!”

“சரிம்மா, சரி!” என்றது பெருச்சாளி.

நண்டுகள் வரிசையாகக் குழிக்குள் இறங்கின.

“ஆஆஆ!”

பின்பக்கத்தில் விழுந்த கொடுக்குப் பிடியில் செம்பட்டையன் ஒரே தாவலாகத் தாவிக் கரையில் வந்து விழுந்தான். இன்னொரு பன்றி, தன் முறை வருவதற்கு முன்பே, தானாக எகிறிக் குதித்து வெளியே வந்துவிட்டது! தலைமடையும் கடைமடையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகச் சிரித்தன.

பெருச்சாளிகள் மண் தள்ளிக் குழிகளை மூடின. பன்றிகளும் முனகிக்கொண்டே சேர்ந்து தள்ளின. தேங்கிய பிசுக்கை எல்லோரும் வைக்கோலால் ஒற்றி எடுத்துக் கடைசிக் குழியில் போட்டு, அதையும் மண்ணால் அமுக்கினார்கள். செம்பட்டையன், கொடுக்குப் பிடி நினைவுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் வேகமாகத் தள்ளினான். குமிழி நின்றது. தண்ணீர் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் வரப்பை வெட்டினார்கள். மேலத் தண்ணீரும் கீழத் தண்ணீரும் சளசளவென்று கலந்தன.

அந்த வாரத்தில் முட்டைகள் பொரித்தன. கறுப்புப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் குதித்தன. வீட்டுக்காரக் கானாங்கோழி, “பார்த்து! பார்த்து!” என்று கரையில் அங்குமிங்கும் ஓடியது. வெள்ளச்சி மட்டும் ஓடவில்லை. தண்ணீரில் இறங்கி, குஞ்சுகளுக்கு நடுவில் போய், தலையை முக்கிக் குளிக்க ஆரம்பித்தாள்.

லாபத்தை மேட்டில் நிறுத்திக்கொண்டு நஷ்டத்தை மட்டும் பள்ளத்துக்கு அனுப்புகிற ஊரில், பள்ளத்தில் இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து அதை வாங்க மறுத்தால்தான் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே நியாயம் கிடைக்கும்.