தேரிக்கு வெள்ளையடித்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு வெள்ளைப் பைத்தியம் பிடித்தது. தன் அரண்மனை பாற்கடல் போல மின்ன வேண்டும் என்றார். கோபுரம் முதல் குதிரை லாயம் வரை ஏழு பூச்சு. நாட்டிலுள்ள சுண்ணாம்புக் காளவாய் அத்தனையும் அரண்மனைக்கே எரிய வேண்டும். வேறு காரியத்துக்கு ஒரு பிடி சுண்ணாம்பு எடுத்தவனுக்குக் கை இருக்காது என்று ஊர் ஊராகப் பறையறைந்தார்கள். பிரபுக்கள்கூட வெறும் வெற்றிலையைப் போட்டு மாடு மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

அந்தச் சபையில் விகடனாக இருந்தவன் வெயிலுகந்தான். நான்கு நாள் நடை தூரத்தில் தேரி என்கிற செம்மணல் காட்டில் பிறந்து, வாய்ச் சாமர்த்தியத்தால் ராஜாவின் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிடும் அளவுக்கு உயர்ந்தவன். பிரதானி சேனாவராயருக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

ஒரு நாள் கோட்டை வாசலில் அவனுடைய தங்கை ஆவுடை வந்து நின்றாள். கால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கம்பம்பயிர். அதன் வேர் ஒரு சாண்கூட இறங்காமல், சூடு பட்ட புழு மாதிரி தடித்துச் சுருண்டிருந்தது.

"மழை இல்லையா தாயி?" என்று கேட்டான்.

"மழைக்கு என்ன கொறை? ஒரு முழம் தோண்டினா ஈரம் கையில ஒட்டுது. வேரு அதுகிட்டப் போக மாட்டேங்கு. மண்ணு புளிச்சுப் போச்சுண்ணே. முன்னெல்லாம் கிளிஞ்சச் சுண்ணாம்பு போட்டுக் கொத்திவிடுவோம், புளிப்பு அடங்கிரும். ரெண்டு வருசமா ஒரு பிடிக்கு வழியில்ல. தண்ணி மேல நின்னுக்கிட்டே பயிரு காயுது."

"புள்ளைக சுகமா?"

"பெரியவன் இருக்கான்."

சின்னவளைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவளுக்குச் சோறு வாங்கிக் கொடுத்தான். அவள் பாதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் சபையில் அவன் கைகூப்பி எழுந்தான். "மன்னர் பெருமானே, தேரி மண்ணுக்கு எண்பது வண்டிச் சுண்ணாம்பு தந்து அருள வேண்டும்."

"சுவருக்குப் பூசுவதை மண்ணுக்குப் பூசுவதா! இன்றைய விகடம் பிரமாதம்!" என்று ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். சபையும் சிரித்தது. வெயிலுகந்தானும் சிரித்துவைத்தான். அதுதானே அவன் பிழைப்பு.

சேனாவராயர் மெல்ல எழுந்தார். "பிரபு, சுவர்களெல்லாம் முடிந்தன. இனி தங்கள் மாளிகைத் தரையும் வெள்ளையாக வேண்டும் அல்லவா? சுண்ணாம்பின் மேல் இத்தனை பிரியம் உள்ள விகடனிடமே அந்தப் பணியை ஒப்படைப்போம். தை பிறப்பதற்குள் முடியட்டும். ஒரு சாண் வெள்ளையின்றி இருந்தாலும் இவன் தலை உருளட்டும்."

நடக்க நடக்க அழிகிற தரையில் வெள்ளை எங்கே நிற்கும்? ராஜாவுக்கு அந்த யோசனை வரவில்லை. "ஆகட்டும்" என்றார்.

வெயிலுகந்தான் குனிந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "மாளிகைத் தரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மன்னா? கடல் தங்கள் வாசற்படி, மலை தங்கள் கொல்லைச் சுவர், இடையில் உள்ள மண்ணெல்லாம் தங்கள் மாளிகைத் தரை என்று இன்று காலை புலவர் பாடினாரே, அது மெய்யா பொய்யா?"

ராஜாவின் மார்பு விரிந்தது. "மெய்தான்! சந்தேகம் என்ன?"

பொய் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு? சேனாவராயரும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினார்.

"அப்படியே ஓலையில் எழுதி முத்திரை இட்டு அருளுங்கள். கடைக்கோடித் தரையிலிருந்து வேலையைத் தொடங்குகிறேன்."

முத்திரை விழுந்தது. எண்பது வண்டிகள் தேரிக்குப் புறப்பட்டன.

ஏர் முனை சாண் ஆழத்துக்கு மேல் போகாது என்பதால் முந்நூறு குடியும் மண்வெட்டியோடு இறங்கி முழ ஆழம் கொத்தினார்கள். நீறிய சுண்ணாம்பைத் தூவி, அடிமண்ணோடு புரட்டினார்கள். கை வெந்தது, கண் எரிந்தது. வெயிலுகந்தான் தலையில் கட்டியிருந்த பட்டு உருமாலைக் கழற்றி வாயில் கட்டிக்கொண்டு அவர்களோடு கொத்தினான். ஆவுடை கொத்தும்போது ஒரு தரம் மண்வெட்டியை ஊன்றி நின்று, "இதைப் போன வருசமே தந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். மறுபடி கொத்தத் தொடங்கினாள்.

புரட்டாசியில் விதைத்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது.

தை பிறந்தது. ராஜா பல்லக்கில் வந்தார். பக்கத்தில் சேனாவராயர், பின்னால் வாளேந்திய கொலைச் சேவகன். எதிரே ஆள் உயரத்துக்குக் கம்பு கதிர் தள்ளி நின்றது.

"பார்த்தீர்களா பிரபு, ஒரு சாண்கூட வெள்ளை இல்லை!" என்றார் சேனாவராயர்.

"எங்கேயடா என் வெள்ளை?" என்று ராஜா உறுமினார்.

வெயிலுகந்தான் குனிந்து வணங்கினான். "அடித்துவிட்டேன் மன்னா. ஆனால் சுண்ணாம்பின் குணம் தாங்கள் அறியாததா? சுவரில் பட்டால் வெள்ளை. வெற்றிலையோடு வாயில் பட்டால் சிவப்பு. மண்ணில் பட்டால் பச்சையாகத்தான் காய்கிறது. அடியேன் என்ன செய்வேன்?"

ராஜா கண் கொட்டாமல் கதிரைப் பார்த்தார். பிறகு பல்லக்கே குலுங்கும்படி சிரித்தார்.

சேனாவராயர் விடவில்லை. "நல்லது. இது மாளிகைத் தரை என்று முத்திரை இட்ட ஓலை இருக்கிறது. தரை அரண்மனையுடையது என்றால் அதில் விளைந்ததும் அரண்மனைக்கே. கதிரை அறுத்து வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்."

"ஆமாம், அதுவும் சரிதானே!" ராஜா அதற்கும் சிரித்தார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

முந்நூறு குடியும் வெயிலுகந்தானைப் பார்த்தார்கள். அவனுக்குப் பயம் வந்தது. தன் தலைக்குக்கூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

"பிரதானி சொல்வது நியாயம்," என்றான். "கதிரை ஏற்றிக்கொள்ளுங்கள். கூடவே இந்த முந்நூறு குடியையும் கணக்கில் வையுங்கள். மாளிகைத் தரையில் படுத்து எழுகிறவர்கள் மாளிகைவாசிகள். மாளிகைவாசிக்கு மூன்று வேளை நெய்ச்சோறும், பண்டிகைக்குப் பட்டும், வயிறு வலித்தால் அரண்மனை வைத்தியரும் உண்டல்லவா? இப்போதே எல்லோரும் பல்லக்கின் பின்னால் பந்திக்குப் புறப்பட்டுவிடுவார்கள். இவர்கள் பசி இரண்டு வருஷத்துப் பசி மன்னா."

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. "வேண்டாமப்பா! என் தரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்! விளைச்சலும் உங்களுக்கே. சுண்ணாம்புத் தடையும் இன்றோடு தீர்ந்தது. எழுதும் ஓய், பிரதானி!"

சேனாவராயரே தம் கையால் எழுத வேண்டியதாயிற்று. ராஜா முத்துமாலையைக் கழற்றி வெயிலுகந்தான் கழுத்தில் போட்டார். அப்போதுதான் அவர் கண் முன்வரிசையில் நின்ற ஆவுடை மேல் விழுந்தது. அவருடைய முத்திரை மோதிரம் இன்னும் பதியாமல் ஓலைக்கு மேலேயே நின்றது.

"எல்லோரும் சிரிக்கிறார்கள், அந்தப் பெண் மட்டும் ஏன் சிரிக்கவில்லை?"

"பல்வலி, மன்னா," என்றான் வெயிலுகந்தான். "ரொம்ப நாளாகப் பல்லுக்கு வேலை இல்லையா, இப்போது கம்பைக் கண்டதும் வலி எடுத்துவிட்டது."

ராஜா அதற்கும் சிரித்தார். முத்திரை விழுந்தது. பல்லக்கு திரும்பிப் போயிற்று.

செம்புழுதி அடங்கிய பிறகு ஆவுடை கேட்டாள். "எனக்கா பல்வலி?"

"நெசத்தைச் சொன்னா ராசாவுக்குச் சிரிப்பு வராது தாயி. சிரிப்பு நின்னா முத்திரையும் நின்னுபோகும்."

அவள் அவன் கழுத்திலிருந்த மாலையை ஒரு தரம் பார்த்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு கதிருக்குள் இறங்கினாள்.

ராஜா சிரித்தார், விகடன் பரிசு பெற்றான் என்று கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நடந்ததும் அதுதான். அந்த வருஷம் தேரியில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ஆவுடை வீட்டில் தனக்கும் பெரியவனுக்குமாக இரண்டு பேருக்கு உலை வைக்க வேண்டிய இடத்தில் அவள் பழக்கதோஷத்தில் மூன்று பேருக்கு வைத்தாள் என்றும், மிஞ்சிய கூழை வெயிலுகந்தான் உட்கார்ந்து, ஒரு விகடமும் பேசாமல், முழுக்கக் குடித்தான் என்றும் அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள்.