வாளி நிறையும் வரை

"அழாம வேலை பாக்கிறது எப்படி மேடம்? அதை மட்டும் சொல்லித் தாங்க."

விலங்கியல் துறைத் தலைவர் காந்திமதி விடைத்தாள் கட்டிலிருந்து நிமிர்ந்தார். எதிரே ஜெனோவா. போன வருஷம் சேர்ந்த உதவிப் பேராசிரியை; அவரிடமே முனைவர் பட்டத்துக்கும் பதிந்திருப்பவள். வீட்டில் பால்குடிப் பிள்ளை.

"என்னாச்சும்மா?"

"பிள்ளைக்கு ராத்திரி பூரா காய்ச்சல். இன்னைக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலைன்னு ஆறு மணி வரை இருக்கச் சொல்லிட்டாங்க முதல்வர். முடியாதுன்னா வேலையை நிரந்தரம் பண்ண மாட்டாங்களோன்னு பயம். இருந்தா, பிள்ளைக்கு என் முகமே மறந்துருமோன்னு பயம்."

மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"கடைசி பாத்ரூம் இருக்குல்ல? தாழ்ப்பாள் நல்லா விழும். உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுரு, அழுற சத்தம் வெளிய கேக்காது. வாளி மட்டும் காலியா இருக்கணும்."

"நிறைஞ்ச வாளியில சத்தம் வராது," என்றாள் ஜெனோவா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சேர்ந்த புதுசுல நம்ம துறை ஃபிலோ மிஸ் சொல்லித் தந்தாங்க."

"அவளுக்கு நான் சொல்லித் தந்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிலபஸ்ல இல்லாத பாடம்தான் நம்ம துறையில ஒழுங்கா நடக்குது, என்ன?" என்றார் மேடம்.

சிரிப்பு அடங்கியதும் ஜெனோவா கேட்டாள்.

"வாளி நிறைஞ்ச பிறகு என்ன செய்யணும் மேடம்?"

"முகத்தைக் கழுவிட்டு வகுப்புக்குப் போகணும்."

"அதுக்கப்புறம்?"

மேடம் சிவப்புப் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"உன் வயசுல என்னை யாராவது கேட்டிருந்தா, வீட்டுக்குப் போகணும்னு சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. நானும் பின்னால யாரையும் கேக்கல."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம்.

காலி வாளி.

"தினமும் கேக்கும்மா," என்றார் மேடம். "இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேருந்து கேக்குது. மணி அடிச்சா தானா நின்னுரும்னு பேசாம இருந்துருவேன்."

வாளி நிறைய நிறையச் சத்தம் தணிந்துகொண்டே வந்தது. மேடம் சட்டென்று எழுந்தார். ஜெனோவாவும் பின்னாலேயே ஓடினாள்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. கதவு திறந்து கிடந்தது. வராந்தாக் கோடியில், இந்த ஜூனில் வேலைக்குச் சேர்ந்த சபீனா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வகுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

மேடம் உள்ளே எட்டிப் பார்த்தார். வாளி விளிம்பு வரை நிறைந்து நின்றது.

"வந்து நாலு மாசம் ஆகல. இவளுக்கு யாரு சொல்லித் தந்தா?"

ஜெனோவா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான், மேடம்."