அடுப்படியில் கேட்ட பிரசங்கம்

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சபை. அதன் குருவானவர் ஞானாபரணம். அவரிடம் ஊழியம் கற்றுக்கொள்ள வந்தவர் தாசையன். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். வயதில் குருவைவிட மூத்தவர். அதனால் குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "ஐயா" என்பார்.

தாசையன் வேதத்தில் கெட்டிக்காரர். ஒரு வசனத்தைப் பற்றிக் கேட்டால் கிரேக்கத்தில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். கேட்டவர் கொட்டாவி விட்டால் எபிரெயத்துக்குப் போவார்.

அந்த வருடம் அசனத்தன்று பிரசங்கம் செய்யும் முறை அவருக்கு வந்தது. அசனம் என்றால், ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே ஊரே உட்கார்ந்து சாப்பிடுவது. யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அன்றைக்குப் பார்ப்பதில்லை.

அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான், தாசையனைத் தனியாக ஒரு சபைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று குரு பேராயரிடம் சொல்ல வேண்டும்.

"எந்தப் பகுதி எடுக்கிறீங்க?" என்று குரு கேட்டார்.

"மரியாள், மார்த்தாள் கதை, ஐயா."

"அசனத்தன்னிக்கா?"

"அதுக்குத்தான் ரொம்பப் பொருத்தம். கறி வெந்துச்சா, சோறு வெந்துச்சான்னே நம்ம ஜனங்க அலையுதாங்க. வசனத்தை விட்டுடுதாங்க."

குரு கோயிலின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சபை அன்னிக்கு எங்க இருக்கும், அண்ணாச்சி?"

"கோயில்லதான், ஐயா. வேற எங்க?"

"சரி" என்றார் குரு.

அசன நாள் வந்தது. ஆண்கள் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பாயில் நெளிந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் செங்கல் அடுப்புகளில் அண்டாக்கள் ஏறியிருந்தன. அங்கே பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று புங்கமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

தாசையன் நன்றாகத்தான் பேசினார். இயேசு அக்கா தங்கை இருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். மரியாள் அவர் பாதத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். மார்த்தாளோ வேலை வேலை என்று அலைந்துவிட்டு, வந்த விருந்தாளியிடமே தங்கையைப் பற்றிக் குறை சொல்கிறாள்.

"'மார்த்தாளே, நீ பல காரியத்தைப் பத்திக் கவலைப்படுற. மரியாள் எடுத்த பங்குதான் நல்ல பங்கு'ன்னு அவர் கண்டிச்சார். நம்ம சபையிலயும் மார்த்தாள்கள் இருக்காங்க. கரண்டியைக் கீழே வையுங்க. வந்து அவர் பாதத்துல உட்காருங்க."

ஆமென் வரட்டும் என்று நிறுத்தினார்.

ஆமென் வரவில்லை. பின்னால் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம்.

பக்கத்துக் கதவு திறந்தது. கிருபைமணி முதலில் வந்தாள். அசனச் சமையல் அவள் பொறுப்பு. அவள் பின்னால் மற்றப் பெண்கள் எல்லாரும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். கோயிலுக்குள் மசாலா வாசனை வந்தது. அவர்கள் பிரசங்க பீடத்துக்கு நேர் முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள்.

தாசையன் கைக்குட்டையை எடுத்தார்.

"அம்மா, அடுப்பு?"

"அடுப்பு இருக்கு, உபதேசியாரே."

"சோறு?"

"அதைப் பத்திக் கவலைப்படக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

"நான் சொன்னது மனசுல இருக்கிற கவலையை, அம்மா. அது ஒரு... ஆவிக்குரிய அர்த்தத்துல..."

"எங்களுக்குக் கரண்டின்னுதான் கேட்டுச்சு" என்றாள் பக்கத்தில் இருந்த பியூலா.

"சும்மா இரு, பியூலா" என்றாள் கிருபைமணி. பிறகு தாசையனைப் பார்த்துச் சொன்னாள்: "சண்டைக்கு வரலை, உபதேசியாரே. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததிலேருந்து அசனத்தன்னிக்குப் பிரசங்கம் பண்றவங்க முகத்தை நான் பாத்ததே இல்லை. குழாயிலதான் கேப்பேன். நீங்க கூப்பிட்டீங்க. வந்துட்டோம். சொல்லுங்க."

தாசையன் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

குரு எழுந்தார். வெள்ளை அங்கியைக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

"எங்க போறீங்க, ஐயா?"

"சாம்பார் அடிப்பிடிக்குது. நீங்க சொல்லுங்க, அண்ணாச்சி. கேக்க வந்தவங்களுக்குச் சொல்லுங்க."

அவர் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார். மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

தாசையனிடம் இன்னும் ஒரு குறிப்பு மீதி இருந்தது. சமையல் அறைக்கு எதிராகக் காரசாரமாக எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மரியாளுக்கு அவர் என்ன சொன்னார்னு வேதத்துல இல்லை" என்று மெதுவாக ஆரம்பித்தார். "அவ உட்கார்ந்து கேட்டா. அது மட்டுந்தான் எழுதியிருக்கு."

மேலும் கொஞ்சம் பேசினார். கிரேக்கம் வரவில்லை. கிருபைமணி இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பியூலா தூங்கிவிட்டாள். விடியுமுன் எழுந்தவள். யாரும் அவளை எழுப்பவில்லை.

ஆசீர்வாதம் சொல்லக் குரு சாம்பார் கறையோடு வந்தார். சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்படிக்குப் போனார்.

முதல் பந்தியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். எப்போதும் கடைசிப் பந்திதான் அவர்களுடையது. தாசையன் சோற்று வாளியைத் தூக்கினார். கிருபைமணியின் இலைக்கு வந்ததும் கரண்டியை அடிவரை விட்டார்.

"அடியில இருக்கிறதைக் கிளறிப் போடாதீங்க, உபதேசியாரே. மேலாப்புல எடுங்க."

"சரிம்மா."

"உப்பு யாரு போட்டது?"

"ஐயா."

"தெரியுது" என்று சொல்லிக்கொண்டே அவள் சாப்பிட்டாள்.

ஊர் சாப்பிட்டுக் கலைந்த பிறகு குருவும் சீடரும் அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட சருவப் பானைகளின் மேல் உட்கார்ந்தார்கள். மிச்சமிருந்த தீய்ந்த சோறுதான் அவர்களுக்கு.

"பேராயர்கிட்ட என்ன சொல்வீங்க, ஐயா?"

"பிரசங்கம் பின்பாதி நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன். முன்பாதி எனக்குச் சரியாக் கேக்கலை."

"முன்பாதியில நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

குரு விரலை நக்கினார்.

தாசையன் சோற்றைப் பிசைந்தார். "ஐயா, நான் வசனத்தைத் தப்பாச் சொல்லலையே. மார்த்தாளை அவர் கண்டிச்சது நிஜந்தானே?"

"நிஜந்தான். அதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு அவர் போனாரா?"

"போனார். யோவான் சுவிசேஷத்துல இருக்கு. பஸ்கா பண்டிகைக்கு முன்னால. அவருக்கு விருந்து வச்சாங்க."

"யாரு பரிமாறுனது?"

தாசையன் வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினார்.

"மார்த்தாள்."

"அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்னாரு?"

தாசையன் தனக்குள் அந்த அதிகாரத்தை முழுவதும் ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லலையே, ஐயா. ஏன் சொல்லலை?"

குரு தன் கையில் இருந்த கவளத்தைப் பார்த்தார்.

"வாய் நிறையச் சோறு இருந்திருக்கும், அண்ணாச்சி."