கோலப்பன் காலு அனுப்பின சேதி

ஒரு ஊர்ல ஒரு லிஃப்ட்காரர் இருந்தாராம். பேரு கோலப்பன். நாகர்கோவில்ல ஆறு மாடி ஜவுளிக்கடை, அதுல லிஃப்டுக்குள்ள ஸ்டூலைப் போட்டு உக்காந்து, பட்டனை அமுக்குறதுதான் வேலை. சொய்ங்னு மேல போவார், சொய்ங்னு கீழ வருவார். ஒரு நாளைக்கு முந்நூறு மாடி ஏறுவார், கால் மட்டும் அசையாது. ம் கொட்டிக்கிட்டே கேளு.

அப்புறம் அவருக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு. டாக்டர் பெனிட்டா மாத்திரை கொடுத்தாங்க, நடக்கவும் சொன்னாங்க. மூணு மாசத்துல குறையலைன்னா ஊசிதான்னுட்டாங்க. கோலப்பனுக்கு ஊசின்னா உசுரே போயிடும். ஆனா நடக்கிறதும் கசப்பு. "மாத்திரையோட நிறுத்தக் கூடாதாம்மா?"ன்னு கேட்டார்.

"தசை வேலை செய்யும்போது சர்க்கரையை எடுத்துக்கும், அண்ணாச்சி. அதோட ரத்தத்துல சின்னச் சின்ன சேதியும் விடும். கல்லீரலுக்குப் போகும், கொழுப்புக்குப் போகும், மூளைக்குக்கூடப் போகும். சும்மா கிடக்கிற தசை என்னத்தை அனுப்பும்?"

சேதிதானே, அனுப்பிட்டாப் போச்சுன்னு கிளம்பினார் மனுஷன். முதல்ல இடுப்புல பெல்ட் மாட்டி ஆட்டுற மிஷின் வாங்கினார். தடதடதடன்னு தொப்பை ஆடுச்சு, அடுக்களையில டம்ளரும் ஆடுச்சு. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா, சர்க்கரை அப்படியே. ஆட்டினது மிஷின், தசை எங்க வேலை செஞ்சுதுன்னு டாக்டர் கேட்டாங்க.

அப்போ அடி எண்ணுற வாட்சை வாங்கி, பக்கத்து வீட்டு நாய் கழுத்துல கட்டிவிட்டார். தபதபதபன்னு ஒரே நாள்ல பதினெட்டாயிரம் அடி. அடுத்த மாசம் நாய் இளைச்சுப்போச்சு, இவர் இளைக்கலை.

அப்புறம் எண்ணெய் தேய்க்க ஆள் வச்சார். பளார் பளார்னு தொடையைத் தட்டி, காலை மடக்கி நீட்டி, அந்த ஆளுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. பெனிட்டா கேட்டுட்டு, "உழைச்சது அவரு தசை, சேதி போனது அவரு கல்லீரலுக்கு"ன்னாங்க. சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்துச்சு. சொன்ன மூணு மாசமும் முடிஞ்சுபோச்சு, இன்னும் ஒரே ஒரு மாசம்தான் தவணை, அப்புறம் ஊசின்னு எழுதியே கொடுத்துட்டாங்க. தூங்கிட்டியா? ம்.

அப்போதான் ஆடித் தள்ளுபடி. ஜனம் ஏறின ஏத்தத்துல லிஃப்ட் ணங்னு நின்னுபோச்சு. மாத்துற பாகம் வர ஒரு மாசம் ஆகுமாம். சும்மா உக்கார வேணாம், துணி வாங்க வர்ற வயசானவங்களோட பையை நீங்க தூக்கிட்டுப் படி ஏறுங்கன்னுட்டார் மானேஜர். கோலப்பன் முதல் நாள் ரெண்டாவது மாடிக்கே புஸ் புஸ்ஸுன்னு மூச்சு வாங்கி, கைப்பிடியைக் கட்டிக்கிட்டு நின்னார். அழுகையே வந்துச்சு. மறுநாள் மூணு மாடி. பத்தாம் நாள் நின்னு நின்னு ஆறும் ஏறிட்டார். வீட்டுல படுத்தவுடனே கொர்ருன்னு தூக்கம். எரிஞ்சு விழறதுகூட குறைஞ்சுபோச்சேன்னு அவர் சம்சாரம் பகவதிக்கு ஆச்சரியம்.

மாசம் முடிஞ்சுது. டாக்டர் ரத்தம் சோதிச்ச காகிதத்தை ரெண்டு தடவை பாத்தாங்க.

"அப்போ ஊசி?"

"இப்போதைக்கு வேணாம், அண்ணாச்சி. மாத்திரையும் படியும் போதும்."

கோலப்பன் கண்ணைத் தொடச்சிக்கிட்டார். லிஃப்ட் சரியானதும் மானேஜர் பழையபடி ஸ்டூலுக்கு வரச் சொன்னார். கடையில நின்னுக்கிட்டே வேலை பாத்து முட்டி வலியில தவிக்கிற செல்லம்மைக்கு அந்த வேலையைக் கொடுங்க, நான் படியிலயே இருக்கேன்னுட்டார் கோலப்பன்.

அன்னைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்திருந்த பகவதியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் வந்து நின்னுச்சு. இவர் போங்கன்னு கை காட்டிட்டு விறுவிறுன்னு நடந்தார். பின்னாடி பகவதி, சரக் சரக்னு செருப்பு இழுக்க ஓட்டமும் நடையுமா வந்தா. "உங்க சேதிக்கு நான் எதுக்கு ஓடணும்?"

அவர் திரும்பியே பாக்கலை. "இப்போ போறது உன் சேதி, பகவதி."

வேட்டாளி அம்மன் கோயில் தாண்டுற வரைக்கும் அவ அவரைத் திட்டிக்கிட்டே வந்தா. ஆனா நிக்கலை.

அவங்க நடந்து வீடு சேந்தாச்சு, கதையும் சேந்தாச்சு. காலை நீட்டு, கண்ணை மூடு.