அக்கரைச் செஞ்சடைச்சி

காவிரியின் தென்கரையில் நங்கை என்றொரு கதைசொல்லி இருந்தாள். இறக்கை முளைத்த யாளியின் கதையை அவளைப்போல் சொல்ல அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அவளிடம் கதை கற்றவன் சாத்தன். ஓடக்காரன். அவளைவிட இருபது வயது மூத்தவன். ஆனாலும் அவளை "ஆசானே" என்றுதான் கூப்பிடுவான். அவள் அவனைச் "சாத்தரே" என்பாள்.

யாளிக் கதை ஏழு பாகம். ஏழிலும் ஒரு சூனியக்காரி வருவாள். பெயர் செஞ்சடைச்சி. யாளியில் ஏறிப் பறக்கும் இளவரசன் ஆதனின் ஊரைக் கொளுத்திவிட்டுச் சிரிப்பவள். கடைசியில் ஆதன் அவளைக் கடலில் தள்ளுவான். அந்த இடம் வந்தால் தென்கரை முழுக்க எழுந்து நின்று கூச்சலிடும்.

ஆடிப்பெருக்கன்று மத்தியானம் சாத்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஆசானே, போயிற்று! அக்கரையில் நம் செஞ்சடைச்சியைக் கெடுத்துவிட்டார்கள்!"

"என்ன செய்தார்கள்?"

"நல்லவளாக்கிவிட்டார்கள்! எயினி என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஊரில் கொள்ளைநோயாம். சனங்களை வெளியேற்றிவிட்டு நோயைத்தான் அவள் கொளுத்தினாளாம். அதோடு விட்டார்களா? அவள் ஆதனுக்கு அக்காளாம்!"

"அக்காளா!"

நங்கை துள்ளி எழுந்தாள். பாதி வெந்த சோற்றை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"ஓடத்தை அவிழுங்கள்."

"சண்டைக்குத்தானே?"

"கேட்க. சீக்கிரம் வாருங்கள், முடித்துவிடப் போகிறாள்."

ஆறு செந்நிறமாக நுரைத்து ஓடியது. எயினியை என்னென்ன திட்டுவது என்று யோசித்தபடியே சாத்தன் துடுப்புப் போட்டான். நங்கை முன்பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக" என்றாள்.

வடகரைப் படித்துறை மண்டபத்தில் எள் போட இடமில்லை. நடுவில் எயினி நின்றாள். ஒல்லியான பெண். குரல் மட்டும் மண்டபம் நிறைய இருந்தது.

"கையில் பந்தம். செஞ்சடைச்சி கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே யாராவது உண்டா? பதில் இல்லை. மறுபடியும் தட்டினாள்..."

நங்கை பக்கத்திலிருந்த யாரோ ஒருவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாத்தனால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்து! அவள் அப்படிப்பட்டவள் இல்லை!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எயினிக்குக் கோபம் வரவில்லை.

"தென்கரையா? உங்கள் பக்கத்தில் அவள் எப்படி? மேலே வாருங்கள் ஐயா, சொல்லுங்கள்."

சாத்தன் தன் ஆசானைப் பார்த்தான்.

"போங்கள்" என்றாள் நங்கை.

அவன் ஏறினான். அன்றைக்குச் சொன்னதுபோல் அவன் என்றைக்குமே சொன்னதில்லை. ஊர் எரிந்தது. கூரைகள் சரிந்தன. செஞ்சடைச்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் சிரித்துக் காட்டியபோது குழந்தைகள் தாய்மாரின் மடிக்குள் புகுந்தன.

"பாறை நுனியில் நின்றாள் பாவி. ஆதன் பாய்ந்தான். ஒரே தள்ளு!"

இரண்டு கைகளையும் நீட்டித் தள்ளினான். கூச்சலுக்காகக் காத்திருந்தான்.

ஒரு சத்தமும் வரவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதிருக்கும்.

"ஐயா, ஊர் எரிந்தபோது அவள் சிரித்தாளா?"

"சிரித்தாள்!"

"பார்த்தீர்களா?"

சாத்தன் எயினியைத் திரும்பிப் பார்த்தான். எயினி அவன் காதருகே வந்து மெல்லச் சொன்னாள்.

"அவள் பெயர் மருதி. போன மாசியில் இங்கே கொள்ளைநோய். ஒரு தெருவையே நாங்கள் கொளுத்தவேண்டி வந்தது. யாருக்கும் கை வரவில்லை. முதல் பந்தத்தை இவள்தான் வைத்தாள், தன் வீட்டுக்கே. இவள் புருஷனின் உடல் உள்ளே கிடந்தது."

சாத்தன் தள்ளிய கைகள் அந்தரத்திலேயே இருந்தன. அவற்றை எப்படி மடக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மருதி உட்காரவில்லை.

"அவள் விழுந்துகொண்டே இருக்கிறாள் ஐயா" என்றாள்.

சாத்தன் நங்கையைத் தேடினான். கூட்டத்தில் அவள் முகம் தெரிந்தது. அதில் ஒரு குறிப்பும் இல்லை. மற்றவர்களைப்போல் அவளும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தாள்" என்றான் சாத்தன். "சிரிக்கவில்லை. ஊர் எரிந்தபோதும் சிரிக்கவில்லை. தூரத்தில் நின்றவர்களுக்கு அழுகை சிரிப்பாகக் கேட்டிருக்கிறது."

நீட்டியிருந்த கைகளை மேலே உயர்த்தினான்.

"பாறைமேல் யாளி நின்றது. அதைக் குட்டியிலிருந்து மடியில் போட்டு வளர்த்தவள் அவள். ஆதனுக்கு அது தெரியாது. யாளிக்குத் தெரியும்."

அப்படி ஒரு வரி தென்கரையிலும் இல்லை, வடகரையிலும் இல்லை. எயினி கண்களை அகல விரித்தாள்.

"ஆதன் 'நில்!' என்றான். ஏழு பாகத்திலும் அவன் சொல்லை மீறாத யாளி. அது ஆதனைப் பார்த்தது. கடலைப் பார்த்தது. பார்த்துவிட்டு, இறக்கைகளை மடக்கிக்கொண்டு, தலைகீழாக, ஒரே பாய்ச்சல்!"

கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. துண்டுகள் பறந்தன. "போ, போ, பிடி!" என்று கிழவர்கள் கத்தினார்கள். மருதி தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை.

அதே நேரம் மேளம் முழங்கியது. அம்மன் படித்துறைக்கு எழுந்தருளிவிட்டாள். பூசை நேரத்தில் கதை சொல்லக்கூடாது. சனங்கள் மனசில்லாமல் ஆற்றுப் பக்கம் நகர்ந்தார்கள். "நாளைக்கு வந்து மிச்சத்தைச் சொல்லுங்கள்!" என்று சாத்தனின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது சாத்தன் மெல்லத்தான் துடுப்புப் போட்டான்.

"ஆசானே, நீங்கள் கொடுத்ததை நான் கெடுத்துவிட்டேன்."

"என் ஆசான் கதையில் அவளுக்குப் பெயரே கிடையாது, சாத்தரே. ஒரு சூனியக்காரி. ஒரு வரியில் வருவாள், அதே வரியில் செத்துப்போவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பெயரும் சடையும் சிரிப்பும் நான் வைத்தவை."

சாத்தன் துடுப்பை நிறுத்திவிட்டான். ஓடம் வெள்ளத்தோடு இழுபட்டது.

"அப்படியானால் உண்மையான செஞ்சடைச்சி யார்? உங்கள் ஆசானுடையவளா? உங்களுடையவளா? எயினியுடையவளா? இன்றைக்கு என் வாயில் வந்தாளே, அவளா?"

நங்கை பலகையின் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்.

"அது கிடக்கட்டும். யாளி குதித்ததே, அவளைப் பிடித்ததா இல்லையா? நாளைவரை என்னால் தாங்காது. கரை வருவதற்குள் சொல்லிவிடுங்கள்!"